சுருதி சேராத சாட்சியம்

அந்த வக்கீலுக்குப் பதற்றம் வந்தால் சிரிப்பு வரும். மற்றவர்களுக்கு வியர்க்கும், நாக்கு உலரும், கை நடுங்கும். இவளுக்கு மட்டும் அடிவயிற்றிலிருந்து ஒரு குமிழி கிளம்பித் தொண்டை வரை வந்து நிற்கும். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று அறிவித்தபோது களுக்கென்று சிரித்துவிட்டு, ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நின்றவள் அவள். இப்படிப்பட்டவள் கடை வைத்திருக்கலாம், பஸ் ஓட்டியிருக்கலாம். போயும் போயும் வக்கீலானாள். அதிலும் எடுத்துக்கொண்டது, பாலியல் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் வேலை.

மருந்து கண்டுபிடித்தவர் அவள் கணவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கல்யாணமான புதிதில், "சிரிப்பு வந்தா பதிமூணாம் வாய்ப்பாட்டை மனசுக்குள்ள சொல்லு. அதைச் சொல்லிக்கிட்டே சிரிக்க மனுஷனால முடியாது" என்றார். முடியவில்லைதான். நீதிமன்றத்தில் அவள் உதடு அசைவதைப் பார்த்தவர்கள் முதலில் பிரார்த்தனை என்று நினைத்தார்கள். விஷயம் கசிந்த பிறகு 'பதிமூணு' என்று பெயர் வைத்தார்கள். கோர்ட் வாசலில் டீ விற்பவர்கூட "பதிமூணு மேடத்துக்கு சர்க்கரை கம்மி" என்றுதான் கண்ணாடித் தம்ளரை நீட்டுவார்.

இந்த வேலை அவள் தேடிப் போனதல்ல. வக்கீல் வைக்க வழியில்லாதவர்களுக்கு நீதிமன்றமே வக்கீல் நியமிக்கும் பட்டியல் ஒன்று உண்டு. அதில் இந்த மாதிரி வழக்கு வந்தால் மற்றவர்கள் கோப்பை இரண்டு விரலால் தொட்டுப் பக்கத்து மேஜைக்குத் தள்ளுவார்கள். தள்ளித் தள்ளி அது கடைசி மேஜைக்கு வரும். கடைசி மேஜை அவளுடையது. இருபத்திரண்டு வருஷம் அப்படியே ஓடிவிட்டது. சிலரிடம், "ஆதாரம் மலை மாதிரி இருக்கு, ஒத்துக்கறதுதான் உங்களுக்கு நல்லது" என்று சொல்லி ஒத்துக்கொள்ள வைத்தாள். சில வழக்குகளில் தோற்றாள். சிலவற்றில் ஜெயித்து, ஜெயித்தது சரிதானா என்று தெரியாமலே வீட்டுக்குப் போனாள். புகார் சொன்ன பெண் என்ன உடுத்தியிருந்தாள், யாரோடு பழகினாள் என்றெல்லாம் கேட்க மாட்டேன் என்று முதல் சந்திப்பிலேயே கட்சிக்காரரிடம் சொல்லிவிடுவாள். அப்படிக் கேட்கிற வக்கீல்தான் வேண்டுமென்றால் அடுத்த மேஜை.

இதெல்லாம் அவள் தங்கைக்குப் போதவில்லை. தங்கை அரசு ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸ். அடிபட்டு, கிழிபட்டு, பேச்சே வராமல் உள்ளே வரும் பெண்களை முதலில் தொட்டு உட்கார வைப்பவள் அவள்தான். அக்கா மாடியிலும் தங்கை கீழேயுமாக ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். லிஃப்ட் மெக்கானிக் வழக்கை அக்கா எடுத்த அன்று தங்கை படியேறி வந்து, "நான் கட்டுப் போடுறேன், நீ அவிழ்க்கிற" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அதோடு பேச்சு நின்றது. கணக்கு வாத்தியார்தான் பாவம், மாடிப்படித் தபால்காரராகி, "குழாய்ல தண்ணி வருதான்னு உங்க அக்கா கேக்கறா", "வருதாம்" என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

வழக்கு இதுதான். ஏழு மாடிக் குடியிருப்பு ஒன்றில் மாலை ஆறு மணி சுமாருக்கு மின்சாரம் போயிற்று. நான்காம் மாடியில் குடியிருந்த பெண், ஒரு நூலகத்தில் வேலை பார்ப்பவள், படியேறிப் போனாள். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஒருவன் பின்னாலிருந்து வாயைப் பொத்திச் சுவரோடு அழுத்தினான். மேலே எங்கோ ஒரு கதவு திறந்த சத்தம் கேட்டதும் விட்டுவிட்டு ஓடினான். அரைகுறை வெளிச்சத்தில் அவள் கண்ணில் பட்டது பழுப்பு நிற வேலை உடுப்பு. போலீஸ் வந்தபோது கீழ்த்தளத்தில் பழுப்பு உடுப்போடு, வியர்த்து விறுவிறுத்து நின்றவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கே இருந்தாய் என்றதற்கு, மொட்டை மாடியில் லிஃப்ட் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டேன் என்றார். காவலாளி, மொட்டை மாடிச் சாவி அன்று முழுக்கத் தன் பையிலேயே இருந்ததாகச் சொன்னான். பொய் சொன்னவன்தான் செய்தவன் என்று முடிவாயிற்று. வேறு யாரையும் யாரும் தேடவில்லை.

ஜாமீனில் வந்த மெக்கானிக் மூன்று வாரம் வக்கீலிடமும் அதே மொட்டை மாடிக் கதையைத்தான் சொன்னார். நாற்பத்தாறு வயது. வழித்துச் சீவிய தலை, சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர். கூட வரும் மனைவி தையல்காரி. கணவர் பேசப் பேச, இல்லாத நூலைத் தன் புடவையிலிருந்து பிய்த்துக்கொண்டிருப்பாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவர் கெட்டிக்காரர்கூட இல்லை. நாலாவது வாரம் வக்கீல் மனைவியை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, கோப்பை மூடினாள்.

"மொட்டை மாடிக்கு நீங்க போகல. போகாத இடத்தைச் சொல்றீங்கன்னா, போன இடம் அதைவிட மோசமா இருக்கணும். எங்க இருந்தீங்க?"

மெக்கானிக் தரையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போலச் சொன்னார்.

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன் மேடம்."

யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் இந்த யானை, சறுக்காமல் நடப்பது எப்படி என்று வகுப்பு எடுத்த யானை. அவருடைய கம்பெனியில் புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பவரே அவர்தான். 'லிஃப்டுக்குள்ள மாட்டுறவன் மெக்கானிக்கே இல்ல' என்பது அவர் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லும் வாசகம். பயிற்சிக் கூடத்துச் சுவரில் அவர் போட்டோவுக்குக் கீழே அதைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அன்றைக்கு அவர் வந்த வேலை, மின்சாரம் போனால் லிஃப்டை அடுத்த மாடிக்குக் கொண்டுபோய் விடும் பேட்டரியை மாற்றுவது. பழைய பேட்டரியைக் கழற்றிவிட்டார். புதியதை மாட்டுவதற்கு முன்னால், மேலே ஏதோ கரகரவென்று சத்தம் வருகிறதே, ஒருமுறை போய்க் காது கொடுத்துக் கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்று லிஃப்டில் ஏறினார். ஐந்தாம் மாடி தாண்டியதும் மின்சாரம் போயிற்று.

"புது பேட்டரி எங்க இருந்தது?" என்று கேட்டாள் வக்கீல்.

"என் மடியில."

பதிமூணு ஒண்ணு பதிமூணு, பதிமூணு ரெண்டு இருபத்தாறு. போன் எங்கே என்று கேட்டாள். காவலாளி அறையில் சார்ஜில் இருந்ததாம். அபாய மணியை ஏன் அழுத்தவில்லை? அழுத்தினால் காவலாளி வருவான், வந்தால் சிரிப்பான், சிரித்தால் கம்பெனி வரை போகும். பதிமூணு ஆறு எழுபத்தெட்டு. சரி, நாற்பது நிமிடம் இருட்டில் என்னதான் செய்தீர்கள்?

"எனக்கு அடைச்ச இடம்னா பயம் மேடம். அதனால பாடிக்கிட்டு இருந்தேன்."

பதிமூணு ஏழில் வாய்ப்பாடு உடைந்தது. வக்கீல் எழுந்து கழிவறைக்கு ஓடி, தாழ் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அடைத்த இடத்துக்குப் பயப்படும் லிஃப்ட் மெக்கானிக்! சிரித்து ஓய்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். அந்தச் சிரிப்பில் பாதி சந்தோஷம் என்று அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கட்சிக்காரரை முழுசாக, சந்தேகத்தின் பொட்டுக்கூட இல்லாமல் நம்பியது அன்றுதான். இப்படி ஒரு பொய்யை யாரும் தனக்குச் சாதகமாகக் கட்ட மாட்டார்கள். கட்டுகிறவன் கொஞ்சமாவது தன்னை அழகாகக் காட்டிக்கொள்வான்.

முகம் கழுவிக்கொண்டு திரும்பியபோது மெக்கானிக் அடிபட்ட முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அவள் மன்னிப்புக் கேட்டாள். அவர், "பரவால்ல மேடம், நானா இருந்தாலும் சிரிப்பேன்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே உதடு கோணியது. டீ குடித்துவிட்டு வந்த மனைவி, இரண்டு பேரும் மேஜையைப் பிடித்துக்கொண்டு குலுங்குவதைப் பார்த்து, வழக்கு கை மீறிப் போய்விட்டது, இரண்டு பேருக்கும் சித்தம் கலங்கிவிட்டது என்றே முடிவு செய்தாளாம். விஷயத்தைக் கேட்டதும் அவள் சிரிக்கவில்லை. நிதானமாகத் தன் கைப்பையால் கணவர் தோளில் ஒரு அடி போட்டாள். "இதுக்கா ஜெயிலுக்குப் போகப் பார்த்தீங்க?" என்றாள். பிறகுதான் அழுதாள்.

நம்புவது வேறு, நிரூபிப்பது வேறு. லிஃப்டை இயக்கும் பெட்டிக்குள், மின்சாரம் போனாலும் அழியாமல் பதிந்துவைக்கும், தனக்கென்று சின்ன பேட்டரி உள்ள ஒரு நினைவகம் இருந்தது. அதை நீதிமன்ற உத்தரவோடு திறந்தார்கள். மின்சாரம் போனது ஆறு எட்டுக்கு, வந்தது ஆறு நாற்பத்தொன்பதுக்கு. அந்த நேரம் முழுக்க லிஃப்ட் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே நின்றிருக்கிறது. உள்ளே எண்பத்து மூன்று கிலோ எடை. மெக்கானிக் எழுபத்து நாலு, பையும் பேட்டரியும் ஒன்பது. வக்கீலுக்கு அந்தக் கூட்டல் கணக்கைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் அரசு வக்கீல் லேசுப்பட்டவர் அல்ல. இருமலை அடக்கிக்கொண்டு நிதானமாகப் பேசும் மனிதர். "எண்பத்து மூணு கிலோ யாரா வேணும்னாலும் இருக்கலாமே. வக்கீல் அம்மா கையில் இருக்கிறது எடை, ஆள் இல்லை" என்றார். அதுவும் நியாயம்தான்.

ஆள் கிடைத்தது குடியிருப்போர் சங்கத்தின் புகார்ப் புத்தகத்தில். வேறு வழி தெரியாமல் அந்த மாதத்துப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்த வக்கீல், பூனைத் தொல்லைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே, முத்து முத்தான கையெழுத்தில் இதைப் படித்தாள்:

'மாலை 6.20 முதல் என் வீட்டுச் சுவருக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல். "கதவு மூடும், கையை எடு, காத்திருந்து காலை வை." இதையே நாற்பது முறை. சுருதி அறவே சேரவில்லை. தாளம் பரவாயில்லை. சங்கம் நடவடிக்கை எடுக்க வேண்டும்.'

எழுதியவர் ஐந்தாம் மாடியில் குடியிருக்கும், ஓய்வு பெற்ற பாட்டு டீச்சர். அந்த வரிகளோ, லிஃப்ட் கம்பெனி தன் ஆட்களுக்கு மனப்பாடம் செய்யக் கொடுத்த பாதுகாப்புப் பாட்டு. வெளியே ஒருவருக்கும் தெரியாது. பயத்தில் வேறெந்தப் பாட்டும் வாயில் வராமல் அதையே திரும்பத் திரும்பப் பாடியிருக்கிறார் மனிதர். குடியிருப்போர் சங்க அலுவலகத்திலிருந்து வக்கீல் தெருவுக்கு வந்து, கறுப்பு அங்கி பறக்க, முழுசாக ஒரு தெரு ஓடினாள். ஐம்பத்தோரு வயதில் எதற்கு ஓடுகிறோம் என்று தெருமுனையில் நின்று யோசித்தாள். ஒரு காரணமும் தோன்றவில்லை. திரும்பவும் ஓடினாள்.

நூலகத்துப் பெண்ணைக் குறுக்கு விசாரணை செய்த நாள் அப்படி இல்லை. அன்று காலையிலேயே வக்கீல் வாய்ப்பாட்டைத் தொடங்கிவிட்டாள். குமிழி வந்துவிடுமோ, அந்தப் பெண் முன்னால் சிரித்துத் தொலைத்துவிடுவோமோ என்ற பயம். வரவில்லை. அந்தப் பெண் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்து நின்றாள். வக்கீல் கேட்டது நாலே கேள்விகள்.

"உங்களுக்கு நடந்தது நடந்ததுதான். அதுல எனக்கு ஒரு கேள்வியும் இல்லை. ஆள் யாருங்கறது மட்டும்தான் என் கேள்வி. முகத்தைப் பார்த்தீங்களா?" என்று தொடங்கினாள்.

அந்தப் பெண் மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்தாள். அரசு வக்கீல்கூட இருமவில்லை.

"இல்லை. உடுப்பைத்தான் பார்த்தேன். போலீஸ் இவரைக் காட்டினப்போ அதே உடுப்பு. அதனால இவர்னு நினைச்சேன்" என்றாள்.

பொய்யாக ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் கூட்டவில்லை. வக்கீல் நன்றி சொல்லி உட்கார்ந்தாள். அன்று சாயங்காலமே அரசு வக்கீலைத் தனியாகப் பார்த்து, அடுத்து வரப்போகும் சாட்சி கொஞ்சம் வேடிக்கையானது, நான் அடக்கினாலும் மற்றவர்கள் சிரித்துவிடுவார்கள், அந்தப் பெண் அன்று இங்கே இருந்து அதைக் கேட்க வேண்டாமே என்றாள். அவர் அவளைக் கண்ணாடிக்கு மேலாக ஒரு நிமிடம் பார்த்தார். "சொல்லி அனுப்பறேன்" என்றார்.

பாட்டு டீச்சர் கஞ்சி போட்ட புடவையோடு சாட்சிக் கூண்டில் ஏறினார். குரலைத் திரும்பக் கேட்டால் அடையாளம் தெரியுமா என்று வக்கீல் கேட்டாள். "முப்பத்தஞ்சு வருஷம் பிள்ளைங்க பாட்டைத் திருத்தினவ நான். ஒரு தடவை கேட்ட அபஸ்வரத்தை மறக்க மாட்டேன்" என்றார் டீச்சர். குற்றம் சாட்டப்பட்டவர் இங்கேயே பாட அனுமதி வேண்டும் என்றாள் வக்கீல். அரசு வக்கீல் எதிர்ப்புத் தெரிவித்தார். நீதிபதி பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடிவிட்டு, பாடட்டும் என்றார்.

மெக்கானிக் எழுந்தார். தொண்டையைச் செருமினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, கதவு மூடும் என்று ஆரம்பித்து, கையை எடு என்னுமிடத்தில் படியிறங்கக் கூடாத இடத்தில் இறங்கி, காத்திருந்து என்று தடவித் தடவி ஏறி, காலை வை என்று எங்கோ போய் விழுந்தார்.

"அதே ஆள்தான். ரெண்டாவது அடியில அதே இடத்துல வழுக்கறாரு" என்றார் டீச்சர். சற்று யோசித்துவிட்டு நீதிபதியைப் பார்த்துச் சொன்னார்: "ஆனா அன்னைக்கு இதைவிட உருக்கமா இருந்துச்சு."

தட்டச்சுக்காரர் விசைப்பலகையின் மேல் குனிந்தார். காவலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நீதிபதி தலையைத் தாழ்த்தி எதையோ எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். பதிமூணு பதினேழு இருநூற்று இருபத்தொண்ணு என்று போய்க்கொண்டிருந்த வக்கீலின் காதில் ஒரு வினோதமான சத்தம் விழுந்தது. அரசு வக்கீலின் இருமல். இந்த முறை அது இருமல் இல்லை.

இரண்டு வாரத்தில் தீர்ப்பு வந்தது. விடுதலை. நூலகத்துப் பெண்ணுக்கு நடந்த கொடுமை உண்மை என்றும், அதைச் செய்தவனைத் தேடாமல் விட்டது போலீஸின் பிழை என்றும், விசாரணையைத் திரும்பத் தொடங்க வேண்டும் என்றும் நீதிபதி எழுதியிருந்தார். மெக்கானிக் நீதிமன்றப் படியில் நின்று மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சுற்றினார். அவர்கள் சுற்றுவதைப் பார்த்து டீக்காரர், "பதிமூணு மேடம், இன்னைக்கு சர்க்கரை நிறையவே போடறேன்" என்றார். அவளும் குடித்தாள்.

வீட்டில் கணக்கு வாத்தியார் கீழே போய்த் தபால் சேர்த்தார். இந்தத் தடவை தபால் நீளம். பேட்டரி மடியில் இருந்தது, பாட்டு, டீச்சர் என்று அவர் நடித்துக் காட்டக் காட்ட, கீழ்வீட்டிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் படியேறி வந்தது. அக்காவின் சிரிப்பு மாதிரியே இருந்தது. ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தானே. பின்னாலேயே தங்கையும் வந்தாள். வந்தவள் சோபாவில் விழுந்து சிரித்து முடித்துவிட்டு, "இந்த ஒரு தடவைக்கு மட்டும்தான்" என்றாள்.

ஒரு மாதத்துக்குள் உண்மையான ஆள் பிடிபட்டான். அதே குடியிருப்புக்குப் பூச்சி மருந்து அடிக்க வருபவன். அவனுக்கும் பழுப்பு உடுப்பு. படிக்கட்டுக் கைப்பிடியில் அன்றே எடுத்து, யாரோடும் ஒப்பிடாமல் உறைக்குள் கிடந்த கைரேகை அவனுடையது. அவன் அண்ணன் கோப்போடு நேராக வந்து நின்றது கடைசி மேஜை முன்னால். மெக்கானிக்குக்காக வாதாடியவள் இதை எடுக்கச் சட்டம் விடாது என்று சொல்லி, வேறொரு நல்ல வக்கீலின் பெயரையும் அறை எண்ணையும் எழுதிக் கொடுத்தாள். இதைக் கேள்விப்பட்ட தங்கைக்கு முகம் சிவந்துவிட்டது.

"அவனுக்கு நீ வக்கீல் தேடிக் கொடுக்கிறியா? அவன்தான்னு உனக்கே தெரியும்."

"தெரியாதுடி. போலீஸ் சொல்லுது. மெக்கானிக்கையும் போலீஸ்தான் சொன்னது. பிடிச்ச அன்னைக்கு எல்லாரும் ஒரே மாதிரிதான் இருப்பாங்க. ஒருத்தருக்கு வக்கீல் இல்லைன்னு ஆரம்பிச்சா, அது மெக்கானிக்கிட்ட வந்து நிக்கும்."

தங்கை ஒப்புக்கொள்ளவில்லை. இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அன்று பாதியில் எழுந்து இறங்கிப் போகாமல் உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் சண்டை போட்டாள். தபால்காரர் வேலை போன நிம்மதியில் கணக்கு வாத்தியார் இருவருக்கும் நடுவே அமர்ந்து விடைத்தாள் திருத்தினார். பூச்சி மருந்துக்காரன் மீதான விசாரணை ஒழுங்காக நடந்தது. அவனுடைய வக்கீல் கேட்க வேண்டியதைக் கேட்டார். நூலகத்துப் பெண் தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னாள். அவனுக்குத் தண்டனை கிடைத்தது. மேல் முறையீட்டில் அசைக்க அதில் ஓட்டை எதுவும் இல்லை.

தீர்ப்பு வந்த மறுநாள் அந்தப் பெண் தான் வேலை பார்க்கும் நூலகத்தின் உறுப்பினர் படிவம் ஒன்றை வக்கீலின் அறைக்குத் தபாலில் அனுப்பியிருந்தாள். கடிதம் எதுவும் இல்லை. வக்கீலின் பெயர், முகவரி எல்லாம் அவளே நிரப்பியிருந்தாள், கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு. வக்கீல் கையெழுத்துப் போட்டு, சனிக்கிழமை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, மூன்று புத்தகங்கள் எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு அவளுக்கு, ஒன்று தங்கைக்கு.